ஆழ்கடல் இருளில் அல்லாஹ் ஏற்றிய விளக்குகள்

வானங்களையும் பூமியையும், நிலத்தைவிடப் பரந்து கிடக்கும் கடலையும் படைத்துப் பரிபாலித்து வரும் வல்ல அல்லாஹ்வுக்கே புகழனைத்தும் உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் கண்மணி நாயகம் ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் மீதும், அன்னவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



திருக்குர்ஆனின் 24ஆவது அத்தியாயம் 'அந்நூர்' என்ற பெயருடையது. நூர் என்றால் ஒளி. அதன் 35ஆவது ஆயத்தில் மாடத்திலே வைக்கப்பட்ட ஒரு விளக்கின் உவமையைக் கொண்டு அல்லாஹுத்தஆலா தன் ஒளியை நமக்கு விளக்குகிறான். அங்கிருந்து நாலைந்து ஆயத்துகள் தள்ளி, 39, 40ஆம் ஆயத்துகளில், ஈமான் இல்லாதவனுடைய அமல்களுக்கு இரண்டு உவமைகளைக் கூறுகிறான். ஒன்று, பாலைவனத்தில் தாகித்தவன் தண்ணீரென நம்பி ஓடும் கானல். மற்றொன்று, ஆழ்கடலின் இருள். அலைக்கு மேல் அலை மூடியிருக்கிறது. அதற்கு மேல் மேகம் கவிந்திருக்கிறது. இருளின் மேல் இருள். அதிலே அகப்பட்டவன் தன் கையை நீட்டினால் அந்தக் கையே அவனுக்குத் தெரியாது. எவனுக்கு அல்லாஹ் ஒளியைக் கொடுக்கவில்லையோ அவனுக்கு எந்த ஒளியும் இல்லை என்ற கருத்தோடு அந்த ஆயத்து முடிகிறது.

அந்த முடிவை ஓதிக் கடந்து விடுகிறோம். நின்று யோசித்தால் ஒரு கேள்வி எழும். அல்லாஹ் கொடுத்தால்? அத்தகைய ஆழ்கடல் இருளிலேயே அவன் ஒருவனுக்கு ஒளியைக் கொடுத்து விட்டால்? அப்படிக் கொடுக்கப்பட்ட படைப்புகள் இருக்கின்றன. ஒன்றல்ல, இரண்டல்ல, எண்ணி மாளாத கோடிகள். அவற்றைப் பற்றியும், நமக்குத் தரப்பட்ட ஒளியை நாம் என்ன செய்து கொண்டிருக்கிறோம் என்பதைப் பற்றியும் சிறிது பேசுவோம்.

வெளிச்சம் எங்கே முடிகிறது?

கடலின் மேற்பரப்பில் விழும் சூரிய வெளிச்சம் ஆழம் செல்லச் செல்ல ஒவ்வொரு நிறமாக இழந்து கொண்டே போகிறது. முதலில் சிவப்பு மறைகிறது. பிறகு ஆரஞ்சு, மஞ்சள், பச்சை. கடைசியாக மிஞ்சுவது நீலம். சுமார் 200 மீட்டர் ஆழத்துக்குக் கீழே தாவரம் வளரப் போதிய வெளிச்சம் கிடையாது. அங்கிருந்து 1,000 மீட்டர் வரையுள்ள பகுதியை 'அந்தி மண்டலம்' என்று அழைக்கிறார்கள். மஃரிப் தொழுது விட்டுப் பள்ளியிலிருந்து வெளியே வரும்போது வானத்தில் ஒரு மங்கல் தெரியுமே, அதைவிடவும் மங்கலாகிக் கொண்டே போய், 1,000 மீட்டரில் பகலின் கடைசித் துளியும் தீர்ந்து விடுகிறது. அதற்குக் கீழே பகலும் இரவும் ஒன்றுதான்.

மன்னார் வளைகுடாவிலும் பாரசீக வளைகுடாவிலும் மூச்சை அடக்கி முத்துக் குளித்தவர்கள் பத்துப் பாகம் ஆழம் இறங்குவதே பெரிய காரியம். பத்துப் பாகம் என்பது 18 மீட்டர். நாம் சொல்லும் ஆழம் அதைப்போல ஐம்பது மடங்குக்கும் மேல். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு காற்றுமண்டலத்தின் பாரம் கூடுகிறது. 900 மீட்டரில், ஒரு நகத்தளவு இடத்தின் மீது ஒரு பெரிய மனிதனின் எடைக்கும் மேலான சுமை அழுத்தும்.

இந்த இடத்தை மனிதன் தன் கண்ணால் காண 1930கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்கரான வில்லியம் பீப் என்ற உயிரியல் அறிஞரும், ஓட்டிஸ் பார்ட்டன் என்ற பொறியாளரும் தடித்த எஃகினால் ஓர் உருண்டை செய்து, அதற்குள் இருவரும் முடங்கி உட்கார்ந்து, எஃகுக் கயிற்றில் தொங்கியபடி பெர்முடாத் தீவின் அருகே கடலுக்குள் இறங்கினார்கள். 1934 ஆகஸ்ட் 15 அன்று 3,028 அடி, அதாவது 923 மீட்டர் வரை சென்றார்கள். சின்னஞ்சிறு ஜன்னல் வழியே பீப் பார்த்ததை டெலிபோன் மூலம் மேலே கப்பலில் இருந்தவர்கள் எழுதிக் கொண்டார்கள். நீலம் கறுத்து, கறுப்பும் இருண்ட பிறகு அவர் கண்டது வெறும் இருட்டையல்ல. அங்குமிங்கும் மின்னி மறையும் விளக்குகளைக் கண்டார். உயிருள்ள விளக்குகள்!

அவர் கண்டது அபூர்வக் காட்சியல்ல என்பது பின்னர் தெளிவாயிற்று. அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையை ஒட்டி 17 ஆண்டுகளாக எடுத்த படங்களில் மூன்றரை லட்சம் உயிர்களைக் கணக்கெடுத்து 2017ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். அங்கே மேற்பரப்பிலிருந்து ஆழ்நீர் வரை நீரில் மிதந்து வாழும் உயிர்களில் 100க்கு 76 ஒளி உமிழக் கூடியவை என்பது அதன் முடிவு. ஆக, கடலின் நடுநீரில் விளக்கு வைத்திருப்பது வழக்கம். விளக்கில்லாமல் இருப்பதுதான் விதிவிலக்கு. மனிதன் பார்க்க முடியாத இடத்தில், மனிதன் பாராட்டுவான் என்ற பேச்சுக்கே இடமில்லாத இடத்தில், அல்லாஹ் இத்தனை விளக்குகளை ஏற்றி வைத்திருக்கிறான். ஸுப்ஹானல்லாஹ்!

சுடாத விளக்கு

நம் வீட்டு விளக்கைச் சற்று நேரம் எரிய விட்டுத் தொட்டால் கையைச் சுடும். செலவழியும் சக்தியில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகிறது. இந்த மீன்களின் விளக்கு சுடுவதில்லை. உடலுக்குள் உள்ள ஒரு பொருள் பிராணவாயுவோடு கலக்கிறது. அந்தக் கலப்பை நடத்தி வைக்க மற்றொரு பொருள் இருக்கிறது. அதிலிருந்து குளிர்ந்த ஒளி பிறக்கிறது. 1880களில் ரஃபேல் துபுவா என்ற பிரெஞ்சு அறிஞர் ஒளிரும் வண்டையும் ஒளிரும் சிப்பியையும் ஆராய்ந்து இதைக் கண்டறிந்தார். முதற்பொருளுக்கு லூசிஃபெரின், இரண்டாவதற்கு லூசிஃபெரேஸ் என்று அவர் வைத்த பெயர்களே இன்றும் வழங்குகின்றன. மின்மினிப் பூச்சியின் ஒளியும் இந்த வகையைச் சேர்ந்ததே.

ஆழ்கடலில் பெரும்பாலான விளக்குகள் நீல நிறத்தில் ஒளிர்கின்றன. காரணம் நாம் மேலே சொன்னதுதான். கடல்நீரில் வெகுதூரம் செல்லக் கூடியது நீலம். அங்குள்ள பெரும்பாலான கண்களும் நீலத்தைக் காணவே அமைந்துள்ளன. விளக்கைக் கொடுத்தவன் அதற்கேற்ற நிறத்தையும், அதைக் காணும் கண்ணையும் சேர்த்தே கொடுத்திருக்கிறான். 

ரிஸ்க் தேடி ஓர் இரவுப் பயணம்

அந்தி மண்டலத்தில் பெருங்கூட்டமாக வாழும் ஒரு மீனுக்கு விளக்கு மீன் என்று பெயர். அதில் ஏறத்தாழ 250 இனங்கள் உண்டு. பெரும்பாலானவை நம் விரல் நீளமே இருக்கும். வயிற்றிலும் விலாவிலும் முத்துப் பதித்தாற்போல ஒளிப்புள்ளிகள் வரிசையாக அமைந்திருக்கும். இனத்துக்கு இனம் அந்த வரிசை மாறும். ஆராய்ச்சியாளர்கள் அதைப் பார்த்தே இது இன்ன இனம் என்று சொல்லி விடுகிறார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், கலிபோர்னியாக் கடலில் ஒலியலைகளை அனுப்பி ஆழம் பார்த்தவர்களுக்கு ஒரு திகைப்பு ஏற்பட்டது. கடலின் அடித்தளம் இருக்க வேண்டிய இடத்துக்கு வெகு மேலே மற்றோர் அடித்தளம் இருப்பதுபோல் எதிரொலி வந்தது. அந்தப் பொய்யான அடித்தளம் பகலில் ஆழத்திலும் இரவில் மேலேயும் இருந்ததை 1945இல் கண்டார்கள். தரை ஏறி இறங்குமா? அது தரையே அல்ல. விளக்கு மீன்களும் இறாலினங்களும் பிற சிற்றுயிர்களும் அடர்ந்து நிறைந்த படலம்! பொழுது சாய்ந்ததும் அவை பல நூறு மீட்டர் மேலேறி வந்து இரை தேடுகின்றன. ஸுப்ஹு வெளுக்கும் முன்பு மீண்டும் இருளுக்குள் இறங்கி விடுகின்றன. உலகக் கடல்கள் எங்கும், ஒவ்வோர் இரவும் இது நடக்கிறது. உயிரினங்களின் பயணங்களில் இதைவிடப் பெரியது பூமியில் இல்லை என்கிறார்கள்.

அல்லாஹ்வின் மீது வைக்க வேண்டிய முறையில் நாம் தவக்குல் வைத்தால், பறவைகளுக்கு உணவளிப்பதுபோல் நமக்கும் அவன் உணவளிப்பான். அவை காலையில் ஒட்டிய வயிற்றோடு போய் மாலையில் நிரம்பிய வயிற்றோடு திரும்புகின்றன என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறிய ஹதீஸ் திர்மிதியில் உள்ளது. விளக்கு மீன் அதையே மாற்றிச் செய்கிறது. மாலையில் ஒட்டிய வயிற்றோடு போய், காலையில் நிரம்பிய வயிற்றோடு திரும்புகிறது. பறவைக்குப் பகலை வகுத்தவன் இதற்கு இரவை வகுத்தான். இரண்டுமே கூட்டில் சும்மா கிடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். விரல் நீள மீன், தன் ரிஸ்குக்காக நூற்றுக்கணக்கான மீட்டர் ஏறுகிறது. "தலையில் எழுதியது வரும்" என்று திண்ணையில் சாய்ந்திருக்கும் நம் வாலிபர்கள் தவக்குல் என்றால் என்னவென்று அதனிடம் கேட்டுத் தெரிந்து கொள்ளலாம்.

நமக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்றும் எண்ணி விட வேண்டாம். சூரை மீன்கள் இந்த விளக்கு மீன்களையும் தின்கின்றன. சூரை நம் வீட்டுச் சட்டிக்கு வருகிறது. பூமியில் ஊர்ந்து திரியும் எந்த உயிருக்கும் உணவளிப்பது தன் பொறுப்பு என்று 11ஆவது அத்தியாயமான ஹூதின் 6ஆவது ஆயத்தில் அல்லாஹ் அறிவிக்கிறான். அந்தப் பொறுப்பை அவன் எந்த இருட்டுக்குள்ளிருந்து தொடங்கி நம் தஸ்தர்கான் வரை கொண்டு வந்து சேர்க்கிறான், பாருங்கள்!

நிழலை அழிக்கும் ஒளி

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். விளக்கு எதற்கு? பார்ப்பதற்கு, அல்லது பார்க்கப்படுவதற்கு என்றே நாம் எல்லோரும் நினைப்போம். அந்தி மண்டலத்தில் வயிற்றில் விளக்கு வைத்திருக்கும் மீன்களில் பலவற்றுக்கு அது வேறொரு காரியத்துக்குப் பயன்படுகிறது. பார்க்கப்படாமல் இருப்பதற்கு!

கோடரி மீன் என்று ஒன்று உண்டு. கோடரியின் தகடு போலத் தட்டையான, வெள்ளி நிறச் சிறு மீன். அதன் பகைவர்கள் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துத்தான் இரை தேடுகிறார்கள். மேலிருந்து வரும் மங்கலான நீல வெளிச்சத்துக்குக் குறுக்கே ஒரு மீன் போனால் அதன் உடல் கறுப்பு நிழலாகத் தெரியும். தெரிந்தால் உயிர் போயிற்று. கோடரி மீன் என்ன செய்கிறது? தன் வயிற்று விளக்குகளைக் கீழ்நோக்கி ஏற்றுகிறது. மேலிருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறதோ அதே அளவு, அதே நீலம். நிழல் அழிந்து விடுகிறது. கீழேயிருப்பவன் கண்ணுக்கு அங்கே மீனே இல்லை.

1970களில் இத்தகைய மீன்களையும் கணவாய்களையும் உயிரோடு பிடித்துத் தொட்டியில் விட்டுச் சோதித்தார்கள். மேலே வெளிச்சத்தைக் கூட்டினால் அவை தம் ஒளியைக் கூட்டின, குறைத்தால் குறைத்தன, அணைத்தால் அணைத்து விட்டன. மேலிருந்து வரும் அளவுக்கு மிஞ்சி ஒளிர்ந்தாலும் பகைவன் கண்டு கொள்வான். குறைவாக ஒளிர்ந்தாலும் கண்டு கொள்வான். மிகையும் ஆபத்து, குறையும் ஆபத்து.

சகோதரர்களே! இதைப் படித்ததும் ஃபுளைல் பின் இயாழ் (ரஹ்) அவர்களின் உபதேசம் நம் நினைவுக்கு வருகிறது. மக்கள் பார்ப்பார்களே என்று ஓர் அமலை விட்டு விடுவது ரியா. மக்கள் பார்க்க வேண்டும் என்று ஓர் அமலைச் செய்வது ஷிர்க்கைச் சேர்ந்தது. இவ்விரண்டிலிருந்தும் அல்லாஹ் உன்னைக் காப்பதே இக்லாஸ் என்ற கருத்தை அவர்கள் சொன்னார்கள். கூடுதலும் காட்டிக் கொடுக்கிறது, குறைவும் காட்டிக் கொடுக்கிறது. மேலிருந்து வந்த கட்டளையின் அளவுக்கே நம் ஒளி இருக்க வேண்டும். ரியா என்பது கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துக் கொண்டிருக்கும் வேட்டைக்காரன். நம் அமலின் நிழல் தெரிகிறதா என்று அது காத்திருக்கிறது.

இன்று நாம் ஸதகா கொடுக்கும் விதத்தை எண்ணிப் பாருங்கள். ரமளான் வந்தால் ஏழை வீட்டுப் பெண்களை வெயிலில் வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு பை அரிசியைக் கொடுத்து, கொடுக்கும் கையும் வாங்கும் முகமும் சேர்ந்து தெரியும்படி படம் எடுத்து, அதைச் செல்போனில் ஊருக்கெல்லாம் அனுப்புகிறோம். பள்ளிவாசலுக்கு ஒரு மின்விசிறி கொடுத்தால் அதன் இறக்கை மூன்றிலும் நம் பெயர் சுற்ற வேண்டும். மார்க்கம் பகிரங்கமாகக் கொடுப்பதைத் தடுத்ததா? இல்லை. தர்மத்தை வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதே. மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்பது அல்பகராவின் 271ஆவது ஆயத்தின் கருத்து. பர்ளான ஜகாத்தைப் பிறருக்குத் தூண்டுதலாக இருக்கும் நோக்கத்தோடு வெளிப்படையாகக் கொடுப்பதை உலமாக்கள் நல்லதென்றே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வாங்குகிறவரின் மானத்தை வெளிச்சம் போட்டுக் காட்ட யார் அனுமதி தந்தார்கள்?

அந்தப் படத்தில் நிற்கும் தாய்க்கு ஒரு மகள் இருப்பாள். அவள் பள்ளிக்கூடத்தில் படிப்பாள். அவளோடு படிக்கும் பிள்ளைகளின் வீட்டுச் செல்போனிலும் அந்தப் படம் வந்திருக்கும். மறுநாள் அவள் எப்படித் தலைநிமிர்ந்து வகுப்புக்குப் போவாள்? நாம் கொடுத்தது பத்துக் கிலோ அரிசி. எடுத்துக் கொண்டது அந்தக் குடும்பத்தின் மானம். கணக்கு நேராகுமா?

வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதபடி மறைத்து ஸதகா கொடுத்தவர், அல்லாஹ்வின் நிழலைத் தவிர வேறு நிழலே இல்லாத அந்த நாளில் அந்த நிழலில் இருக்கும் ஏழு பேரில் ஒருவர் என்ற கருத்துள்ள ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. இவ்வுலகில் தன் நிழலை அழித்துக் கொண்டவனுக்கு மறுமையில் தன் நிழலை அல்லாஹ் தருகிறான்.

உணவில் வரும் ஒளி

விளக்கெரிய எண்ணெய் வேண்டும். ஒளிரும் கடலுயிர்களில் பல, ஒளி தரும் அந்தப் பொருளைத் தம் உடலிலேயே உண்டாக்கிக் கொள்வதில்லை. உண்ணும் இரையிலிருந்து பெறுகின்றன. இதற்கு ஆழ்கடல் மீனல்லாத ஒரு மீனே நல்ல அத்தாட்சி. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் அதற்கு மிட்ஷிப்மேன் மீன் என்று பெயர். வயிற்றில் வரிசையாக உள்ள ஒளிப்புள்ளிகள் கடற்படைச் சீருடையின் பொத்தான்களைப் போல இருப்பதால் வந்த பெயர். தெற்கே கலிபோர்னியாவில் இந்த மீன் ஒளிர்கிறது. வடக்கே பியூஜெட் சவுண்ட் என்னும் கடற்கழியில் இதே மீன் ஒளிர்வதில்லை. விளக்குகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, எண்ணெய்தான் இல்லை. தெற்கே கிடைக்கும் ஒளிரும் சிற்றுயிர்களை வடக்கு மீனுக்கு ஊட்டினார்கள். இருண்டு கிடந்த மீன் ஒளிர்ந்தது!

ஆழ்கடலிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. மலகோஸ்டியஸ் என்ற கரிய மீன் தன் கண்ணுக்குக் கீழே சிவப்பு விளக்கு வைத்திருக்கிறது. அங்குள்ள பெரும்பாலான உயிர்களுக்குச் சிவப்பு தெரியாது. ஆகவே மற்றவை அறியாமல் இது மட்டும் தன் வெளிச்சத்தில் பார்க்கிறது. அந்தச் சிவப்பைக் காண அதன் கண்ணுக்கு உதவுவது, இலைகளின் பச்சைக்குக் காரணமான பொருளிலிருந்து உண்டான ஒன்று என்று 1998இல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். சூரியனே எட்டாத இடத்தில் இலைப்பச்சை ஏது? மேலே வெயிலில் வளர்ந்த பாசியைச் சிற்றுயிர் தின்று, அதை இந்த மீன் தின்று, அவ்வழியே வந்து சேர்ந்ததாகவே கருதுகிறார்கள்.

தாய்மார்களே! தந்தையர்களே! உண்ணும் உணவு மீனுக்கு ஒளியாகிறது, பார்வையாகிறது. மனிதனுக்கு ஆகாதா? நெடும்பயணம் செய்து, தலை கலைந்து, புழுதி படிந்தவனாக வானத்தை நோக்கிக் கையேந்தும் ஒரு மனிதனை நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்டார்கள். அவன் உண்டதும் குடித்ததும் உடுத்தியதும் ஹராம். அவனுடைய துஆ எப்படி ஏற்றுக் கொள்ளப்படும் என்று கேட்டார்கள். இது முஸ்லிமில் உள்ள ஹதீஸ். 

பிள்ளைக்கு ஓதல் ஏறவில்லை, தொழுகையில் மனம் ஒட்டவில்லை என்று தாய்மார்கள் நம்மிடம் வந்து தண்ணீர் ஓதித் தரக் கேட்கிறார்கள். ஓதித் தருகிறோம். அத்துடன் அந்த வீட்டு அடுப்புக்கு அரிசி எந்தப் பணத்தில் வருகிறது என்பதையும் ஒரு முறை பார்த்துக் கொள்ளச் சொல்கிறோம். வட்டியா? உடன்பிறந்தாளுக்குச் சேர வேண்டிய வாரிசுப் பங்கா? வேலைக்காரனுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலியா? விளக்கு இருக்கிறது. எண்ணெய் எங்கே?

தூண்டிலில் தொங்கும் ஒளி

எல்லா ஒளியும் நல்லொளி ஆகி விடாது. அந்தி மண்டலத்துக்கும் கீழே, முழு இருளில், தூண்டில் மீன் என்ற ஒரு மீன் வாழ்கிறது. பெண் மீனின் நெற்றியிலிருந்து ஒரு கம்பு நீளும். அதன் நுனியில் ஒரு மொட்டு, மொட்டுக்குள் ஒளி. அந்த ஒளியும் அதனுடையதல்ல. மொட்டுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா என்ற நுண்ணுயிர்கள்தாம் ஒளிர்கின்றன. அதற்குப் பின்னால் கொடிய பற்கள் நிறைந்த வாய் திறந்திருக்கும். இரையை அருகே வரவழைக்கவே இந்த ஒளி என்று கருதுகிறார்கள். தன் இனத்தை அடையாளம் காட்டித் துணையை அழைக்கவும் அது உதவக்கூடும் என்றும் சொல்கிறார்கள். சுற்றிலும் கும்மிருட்டு. ஒரே ஒரு வெளிச்சம். இரை எங்கே போகும்?

மீனைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. அதற்கு அல்லாஹ் வகுத்த வழி அது. மனிதன் அப்படி விளக்கேற்றினால்தான் அது குற்றம்.

நம் சமுதாயத்தில் இப்படிப்பட்ட விளக்குகள் தொங்கியதைக் கண்டிருக்கிறோம். "வட்டி கிடையாது, ஹலாலான இலாபப் பங்கு" என்று சொல்வார்கள். தாடியும் தொப்பியும் இருக்கும். சுவரில் கஅபாவின் படம் மாட்டியிருக்கும். பேச்சுக்குப் பேச்சு இன்ஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ். வெளிநாட்டு வெயிலில் உழைத்து மகன் அனுப்பிய பணத்தை, பெண்ணின் கலியாணத்துக்கு வைத்திருந்த நகையை விற்ற பணத்தை, ஹஜ்ஜுக்குப் போகச் சேர்த்த பணத்தையெல்லாம் நம்பிக் கொடுப்பார்கள். சில மாதம் இலாபம் வரும். ஒரு நாள் கடையில் பூட்டுத் தொங்கும். விதவைகளும் முதியவர்களும் அந்தப் பூட்டிய கதவின் முன் உட்கார்ந்து அழுவார்கள். இருட்டுக்குப் பயந்து வந்தவர்களை வெளிச்சத்தைக் காட்டியே விழுங்கினார்கள்.

சகோதரிகளே! தீனின் பெயரைச் சொன்னதாலேயே ஒருவரிடம் பணத்தைக் கொடுத்து விடாதீர்கள். என்ன வியாபாரம், எங்கே சரக்கு, நஷ்டம் வந்தால் யாருக்கு என்று கேளுங்கள். கேட்டால் ஈமான் குறைந்து விடாது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்ளுங்கள், சாட்சி வையுங்கள் என்று திருக்குர்ஆனின் மிக நீண்ட ஆயத்தான அல்பகராவின் 282ஆவது ஆயத்தில் அல்லாஹ்வே கற்றுத் தருகிறான். மாதந்தோறும் குறையாத இலாபம் தருகிறேன் என்று ஒருவர் உறுதி சொன்னால், பெயர் எதுவானாலும், அதுவே எச்சரிக்கை.

ஆலிம்களாகிய நமக்கும் இதில் பாடம் இருக்கிறது. கியாமத்து நாளில் முதலில் விசாரிக்கப்படும் மூவரில், ஆலிம் என்று மக்கள் சொல்ல வேண்டும் என்பதற்காகவே கற்றுக் கற்பித்தவரும் ஒருவர் என்ற கருத்துள்ள ஹதீஸை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்தார்கள், முஸ்லிமில் உள்ளது. இல்மு நம் நெற்றிக்கு முன்னால் தொங்கும் மொட்டாகி விடக் கூடாது. அல்லாஹ் காப்பானாக!

ஒரு சந்தேகம்

ஆழ்கடலில் இருள் என்று ஆயத்து சொல்கிறதே, அங்கே இத்தனை விளக்குகள் இருந்தால் முரண்படாதா என்று சிலர் கேட்கலாம். முரண்பாடு இல்லை. ஆயத்து, ஈமானில்லாதவனின் அமலுக்கு உவமையாக, அந்த இருளில் அகப்பட்ட மனிதனின் நிலையைச் சொல்கிறது. அவன் கண்ணுக்கு அவன் கை தெரியாது. மீன்களுக்கோ அல்லாஹ் ஒளியைக் கொடுத்தான். ஆகவே அவற்றுக்கு ஒளி இருக்கிறது. ஆயத்தின் முடிவு சொல்வதும் அதைத்தானே?

மற்றொரு பக்கம், இந்த ஆயத்தை எடுத்துக் கொண்டு, "எல்லா விஞ்ஞானமும் இதில் இருக்கிறது" என்று இல்லாததையும் சேர்த்து மிம்பரில் முழங்குகிறவர்களும் உண்டு. பாலைவனத்து ஸஹாபாக்கள் இந்த உவமையைக் கேட்டு உள்ளம் நடுங்கினார்கள். எஃகு உருண்டை கடலில் இறங்கும் வரை அவர்களுடைய ஈமான் காத்திருக்கவில்லை. விஞ்ஞானிகள் இன்று ஒன்றைச் சொல்லி நாளை திருத்துவார்கள். அது அவர்கள் வேலையின் இயல்பு. அந்த மாறும் சுவரின் மேல் மாறாத வேதத்தைச் சாய்த்து வைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. படைப்பைப் பார்த்துப் படைத்தவனை நினைப்பது இபாதத். அதில் மிகைப்படுத்தல் கலந்தால் அது பொய்யாகி விடும்.

மூன்று இருள்கள்

ஆழ்கடல் இருளை நேரில் அனுபவித்த ஒரு நபியின் வரலாறு நமக்குத் தெரியும். யூனுஸ் (அலை) அவர்களை மீன் விழுங்கியது. அவர்கள் இருள்களுக்குள்ளிருந்து தம் ரப்பை அழைத்தார்கள் என்று 21ஆவது அத்தியாயமான அல்அன்பியாவின் 87ஆவது ஆயத்து குறிப்பிடுகிறது. இருள் என்று ஒருமையில் சொல்லாமல் இருள்கள் என்று பன்மையில் சொல்லப்பட்டது. இரவின் இருள், கடலின் இருள், மீன் வயிற்றின் இருள் என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் அதை விளக்குகிறார்கள். அங்கே அவர்களிடம் என்ன விளக்கு இருந்தது? பார்க்க யாருமில்லை. பாராட்ட ஒருவருமில்லை. அல்லாஹ் ஒருவனே வணக்கத்துக்குரியவன் என்று ஒப்புக் கொண்டு, அவனைத் துதித்து, தம் தவறைச் சொல்லி அழைத்த அந்தக் குரல் ஒன்றே இருந்தது. அதை அல்லாஹ் கேட்டான், கரை சேர்த்தான்.

நமக்கும் ஓர் இருட்டு காத்திருக்கிறது. ஆறடி மண்ணுக்குக் கீழே, மின்சாரம் எட்டாத இருட்டு. மின்விசிறியில் எழுதிய பெயர் அங்கே சுற்றாது. ஊரெல்லாம் பரவிய படம் அங்கே வராது. யாருக்கும் தெரியாமல் ஒரு வீட்டு வாசலில் இரவோடு இரவாக நாம் வைத்து விட்டு வந்த அரிசிப்பை ஒன்று இருந்தால், அது ஒளியாக வரும். இருட்டில் நடந்து பள்ளிக்கு வருகிறவர்களுக்குக் கியாமத்து நாளில் முழுமையான ஒளி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் நன்மாராயம் கூறியதை அபூதாவூதும் திர்மிதியும் பதிவு செய்துள்ளார்கள். அந்த ஒளியை வேறு எவரிடமும் அன்று இரவல் வாங்க முடியாது. முனாஃபிக்குகள் முஃமின்களிடம் ஒளியைக் கேட்டு ஏமாந்து நிற்கும் காட்சியை 57ஆவது அத்தியாயமான அல்ஹதீதில் ஓதிப் பாருங்கள்.

ஆகவே, வரும் ரமளானுக்கு முன்பாக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நிய்யத்து வைப்போம். யாருக்கும் தெரியாத ஓர் அமல், கணவனுக்கு மனைவியும் மனைவிக்குக் கணவனும் கூட அறியாத ஒரு நற்செயல், நம் ஒவ்வொருவருக்கும் இருக்கட்டும். அது சிறியதாக இருந்தால் பரவாயில்லை. விரல் நீள மீனுக்குக் கொடுத்த விளக்கும் சிறியதுதான்.

யா அல்லாஹ்! கடலின் ஆழத்தில் எவரும் காணாத மீனுக்கு ஒளி கொடுத்தவனே! எங்கள் உள்ளத்திலும் ஒளியைத் தருவாயாக! எங்கள் உணவை ஹலாலாக்கித் தருவாயாக! நீ தந்த ஒளியைக் கொண்டு பிறரை ஏய்க்கும் பாவத்திலிருந்து எங்களைக் காப்பாயாக! எங்கள் அமல்களை ரியாவின் கண்ணிலிருந்து மறைத்து, உன் சன்னிதியில் மட்டும் வெளிப்படுத்துவாயாக! கப்ரின் இருளிலும் கியாமத்தின் இருளிலும் எங்களுடைய ஒளியை நிறைவாக்கி வைப்பாயாக!

ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.